மாரியில் உகந்தைக்கு நடை: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: ஆடியில் கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார் கூட்டத்தோடு போக விருப்பமில்லை. மார்கழி, தையில் மூன்று பேராக மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலிலிருந்து உகந்தை முருகன் கோயிலுக்கு நடந்து, அங்கிருந்து காட்டுவழியாகக் கதிர்காமமும் போகலாமா? எத்தனை நாள் வேண்டும், எங்கே தங்குவது, என்ன கொண்டு போவது?

உகந்தை வரை போகலாம். அதற்கு அப்பால் காட்டுக்குள் போக முடியாது. ஆடிக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும்தான் அந்தப் பாதை அடியார்களுக்குத் திறக்கப்படுகிறது. மற்றக் காலத்தில் அது குமண, யால தேசியப் பூங்காக்களின் உட்பகுதி, அங்கே கால்நடையாகப் போக அனுமதி கிடையாது. சட்டத்தை விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தாலும் வழியில்லை. ஆடியில் இறங்கிக் கடக்கிற குமுக்கன் ஆறு மாரியில் கரை முட்டி ஓடும், மாணிக்க கங்கையும் அப்படித்தான். ஆடியில் காட்டுக்குள் தண்ணீர் பவுசர், படையினர், முதலுதவி என்று ஏற்பாடு இருக்கும். தையில் ஒருவர் காலில் முள் ஏறி நடக்க முடியாமல் போனால் தூக்கி வர ஆளில்லை. கதிர்காமம் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் உகந்தையில் வேண்டுதலை முடித்துப் பொத்துவிலுக்குத் திரும்பி, சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாக பஸ்ஸில் போங்கள்.

அடுத்தது காலம். மட்டக்களப்புக்கு ஆண்டில் கிடைக்கிற சுமார் 1,700 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். நவம்பர் சூறாவளிக் காலமும்கூட. 1978 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது நவம்பர் 23இல். ஆகவே ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிடுங்கள். மார்கழியில் போக ஆசைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது: திருவெம்பாவைக்கு விடியமுன்னே கோயில்கள் திறந்திருக்கும், பூசை முடிய ஒரு பிடி பிரசாதமும் கிடைக்கும். ஆனால் மழையும் அப்போதுதான் உச்சம். பொங்கல் கழிந்து தைப்பூசத்துக்கு உகந்தையில் நிற்பதாகக் கணக்குப் போடுவதுதான் நல்லது. அதையும் உறுதி என்று எடுக்க வேண்டாம், 2011 ஜனவரியில் இந்தக் கரை முழுவதும் வெள்ளத்தில் கிடந்தது பொங்கலை ஒட்டித்தான். வேலைத்தலத்தில் லீவு கேட்கும்போது நடை நாட்களோடு இரண்டு மூன்று நாள் கூட்டிக் கேளுங்கள். லீவு முடிகிறதே என்ற அவசரத்தில்தான் ஆட்கள் ஓடுகிற தண்ணீருக்குள் இறங்குகிறார்கள்.

ஆடியில் போய்ப் பழகியவர்கள் கடற்கரை மணலால் போகலாம் என்று சொல்வார்கள். மாரியில் அந்தக் கதையைக் கேட்க வேண்டாம். கோடையில் களப்பு வாய்களை மணல் மூடிவிடும், அதன்மேல் நடந்து போகலாம். மாரியில் களப்பு நிரம்பி முகத்துவாரம் தானாக உடைக்கும், அல்லது வயலும் ஊரும் மூழ்காமல் இருக்கப் பெக்கோ இயந்திரம் கொண்டு வெட்டிவிடுவார்கள். வெட்டிய வாய் சில மணி நேரத்திலேயே அகலித்து ஆளை இழுத்துக் கடலில் விடும். கல்லாறு, ஒலுவில், திருக்கோவில் பக்கம் எங்கும் இதே நிலைதான். அலையும் கரையை அரித்து, நடக்கிற மணலைச் சரிவாக்கிவிடும். எனவே வழி முழுவதும் பிரதான வீதிதான். பாலங்கள் இருக்கின்றன, பஸ் ஓடுகிறது. எந்த இடத்தில் முடியாவிட்டாலும் ஏறி ஊருக்கு வரலாம், அடுத்த நாள் விட்ட இடத்தில் இறங்கித் தொடரலாம். அப்படிச் செய்வதால் நேர்த்தி குறைந்துவிடாது.

மாமாங்கத்திலிருந்து உகந்தை ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஆடியில் ஒரு நாளைக்கு 30 நடக்கிறவர்களும் மாரியில் 20ஐ மட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி தாண்டித்தான் நன்றாக வெளிக்கும், மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும், இடையில் ஒரு பாட்டம் பெரிய மழை ஒதுங்கி நிற்க வைக்கும். எட்டு நாளாக இப்படிப் பிரிக்கலாம்.

முதல் நாள் மாமாங்கத்தில் கும்பிட்டு, கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டிக் குருக்கள்மடம் அல்லது செட்டிபாளையம். இரண்டாம் நாள் களுவாஞ்சிகுடி, கல்லாறு, பாண்டிருப்பு, கல்முனை ஊடாகக் காரைதீவு. அது 25 கிலோமீற்றரைத் தொடும், முதல் நாள் காலில் நோவு கண்டிருந்தால் பாண்டிருப்போடு நிறுத்துங்கள். மூன்றாம் நாள் நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. நான்காம் நாளை வேண்டுமென்றே சிறிதாக்குங்கள்: தம்பிலுவில் கண்ணகியைக் கும்பிட்டுத் திருக்கோவிலோடு நில்லுங்கள். சித்திரவேலாயுதர் கோயிலில் அரை நாள் ஆறி, உடுப்புக் காயவைத்து, காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகுதான் ஊர்களுக்கிடையே வெளி கூடுகிறது. ஐந்தாம் நாள் தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி. ஆறாம் நாள் பொத்துவில், அது பன்னிரண்டு கிலோமீற்றர்தான், மிச்ச நேரம் சாமான் வாங்க. ஏழாம் நாள் அறுகம்பை, பாணமை. எட்டாம் நாள் உகந்தை. மண்டூருக்கும் போக விரும்பினால் இரண்டாம் நாளை இரண்டாக உடைத்து, குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்து போய் வாருங்கள். காற்றும் நீரோட்டமும் கூடினால் பாதை ஓடாது, துறையில் நிற்கிறவர்களிடம் காலையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் வீதியைக் கடந்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படமுன் மூன்று பேரும் பேசி முடித்துவிடுங்கள். நிற்கிற தண்ணீர், அடி தெரிகிறது, கணுக்காலளவு, முன்னால் ஊர்ச்சனம் நடந்து போகிறது என்றால் போகலாம். ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே திடமான ஆளையும் புரட்டும். தாம்போதியில், அதாவது தண்ணீர் மேலால் ஓடுகிற தாழ்ந்த வீதியில், ஓரம் எது என்று தெரியாது, விளிம்பிலிருந்து ஒரு எட்டு தவறினால் வாய்க்காலுக்குள்தான். மிசினில் (உழவு இயந்திரத்தில்) ஏற்றிவிடுகிறோம் என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம்தான் அடித்துச் செல்லப்பட்டது. மழை உங்கள் தலையில் பெய்யாத நாளிலும் வெள்ளம் வரும். மேலே சேனாநாயக்க சமுத்திரம், நவகிரி என்ற குளங்களில் வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் கடலைத் தேடிக் கிழக்கே வருகிறது. ஒவ்வொரு இரவும் வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலையும் வான்கதவுச் செய்தியையும் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தும் கேட்கலாம்.

இனிக் கால். மாரி நடையைப் பாதியில் முறிப்பது பெரும்பாலும் ஈரக்கால்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நான்கைந்து மணி நேரம் ஈரத்தில் இருந்த பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்: குதியும் விரலடியும் வெளிறிச் சுருங்கியிருக்கும், நகத்தால் தொட்டால் தோல் மேலே தனியாக அசையும். அந்த நிலையில் தார் வீதி அரம் போல் உராயும். கொப்புளம் பக்கவாட்டில் வராமல் அடிப்பாதத்திலேயே பெரிதாக எழும். ஆடியில் வெறுங்காலோடு முழு யாத்திரையும் முடித்தவர்கள்கூட மாரியில் இரண்டாம் நாளே நொண்டுவது இதனால்தான். கோயில் வீதியில் செருப்பைக் கழற்றுங்கள், பிரதான வீதியில் போட்டுக்கொள்ளுங்கள். சேற்றுக்குள் கிடக்கிற போத்தல் ஓடும் கறள் ஆணியும் கண்ணுக்குத் தெரியாது. புறப்படமுன் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டது எப்போது என்றும் பாருங்கள்.

விரலிடையில் மாட்டுகிற பாட்டா இந்தத் தூரத்துக்கு உதவாது, நனைந்தால் வார் விரலிடுக்கை அறுக்கும். குதிவார் உள்ள, ஏற்கெனவே ஒரு மாதமாவது போட்டுப் பழகிய சாண்டில்ஸ் நல்லது. தண்ணீர் தங்காது, பத்து நிமிடத்தில் உலரத் தொடங்கும். மூடிய சப்பாத்து போடுவதென்றால் நான்கு சோடி மேஸ் (காலுறை) வேண்டும், இரவில் பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துப் புதுத் தாள் திணிக்க வேண்டும். ஒருமுறை திணித்து விட்டால் தாள் குடித்த ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூரைக்குக் கீழே இருங்கள். பஸ் தரிப்பிடம் போதும். செருப்பைக் கழற்றி, பழைய பருத்திச் சீலையால் விரலிடுக்கு விரலிடுக்காக ஒற்றித் துடைத்து, பதினைந்து நிமிடம் காற்றுப் படவிட்டு, பிறகு மெல்லிய பூச்சாக வசிலின் தடவி எழும்புங்கள். இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தி, சேற்றுப்புண் தொடங்கிய இடத்துக்குப் பூஞ்சை மருந்து பூசி, காய்ந்த மேஸ் போட்டுப் படுங்கள். அந்தச் சோடி படுக்கைக்கு மட்டும், எவ்வளவு ஆசை வந்தாலும் அதைப் போட்டு நடக்க வேண்டாம். கொப்புளம் வந்து நடக்க முடியாமல் இறுகினால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை ஒற்றி எடுங்கள், மேல்தோலை உரிக்க வேண்டாம், கீழே இருக்கிற பச்சைப் புண்ணுக்கு அதுதான் மூடி. சீனி வருத்தம் உள்ளவர் உங்களில் இருந்தால் இந்த நடை அவருக்கு ஏற்றதல்ல. அவர் பொத்துவிலுக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். தொடை உரசுவதும் கால் மாதிரியே ஆளை நிறுத்தும். நனைந்த பருத்தி வேட்டி ஒட்டி உரசுகிறது, நடக்கிறபோது மெல்லிய, கெதியில் காய்கிற அரைக் காற்சட்டை போட்டு, கோயில் வாசலில் வேட்டிக்கு மாறுங்கள்.

முதுகுச் சுமை ஆறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது, தண்ணீர் உட்பட. பைக்கு வெளியே உறை போடுவதைவிட, உள்ளே தடித்த கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுவது நம்பிக்கையானது. வாடைக்காற்று தெற்கே நடக்கிறவருக்கு இடப்பக்கமும் முதுகுமாக வரும், குடை திரும்பி முறியும், மழைக்கோட்டுத்தான் வேண்டும். இரண்டு சோடி உடுப்பு, ஒரு சாரம், ஒற்றை நுளம்பு வலை, றப்பர் சீற் துண்டு, டோர்ச், பவர் பேங்க், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) நான்கு பக்கற், பனடோல், பிளாஸ்டர். வெள்ளை அல்லது மஞ்சள் மேலுடுப்புப் போட்டு, வலப்பக்க ஓரத்தால், எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்தபடி ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். கொட்டுகிற மழையில் பஸ் சாரதிக்குக் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது, அந்த நேரம் ஒதுங்கி நிற்பதே பத்திரம்.

தங்குமிடத்தில்தான் ஆடிக்கும் மாரிக்கும் பெரிய வித்தியாசம். ஆடியில் கோயிலுக்குக் கோயில் மண்டபம் திறந்து, அன்னதானம் போட்டு, தண்ணீர்ப் பந்தலும் வைத்திருப்பார்கள். மாரியில் மூன்று பேர் நனைந்து வந்து நின்றால் பூட்டின கதவுதான் இருக்கும், காவலுக்கு இருப்பவருக்குத் திறக்க அதிகாரம் இருக்காது. இரண்டு நாளைக்கு முன்னே கோயில் நிர்வாகியான வண்ணக்கருக்கோ பரிபாலன சபைச் செயலாளருக்கோ பேசி, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்து, வருகிற நேரத்தைச் சொல்லி வையுங்கள். குருக்கள் ஐயாவிடம் மட்டும் சொன்னால் போதாது, திறப்பு அவர் கையில் இல்லாத கோயில்கள் உண்டு. வெள்ளம் வந்தால் இந்த மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் வீடிழந்த சனத்துக்குப் போய்விடும். அப்போது அங்கே இடம் கேட்கக்கூடாது, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள். அறுகம்பையில் மட்டும் நிலைமை மறுபக்கம்: அலைச்சறுக்குக் காலம் ஏப்ரலிலிருந்து ஒக்ரோபர் வரை என்பதால் தையில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், பேசினால் நன்றாகக் குறைத்துத் தருவார்கள்.

சாப்பாட்டுக்குப் பொத்துவில் வரை கவலையில்லை. காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் காலையிலிருந்து கடை திறந்திருக்கும். விரதக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இடியப்பத்துக்கும் ரொட்டிக்கும் தருகிற சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், பருப்பும் வாழைப்பழமும் எடுத்துத் தருவார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டு, அதற்கு முன்னே சாப்பிட்டுவிடுங்கள். டிசம்பர் 26 வழியில் வந்தால் கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை கரையோர ஊர்கள் ஆழிப்பேரலையில் போனவர்களை நினைத்துக்கொண்டிருக்கும். அரோகராச் சத்தத்தைக் குறைத்து, நினைவிடத்தில் ஒரு நிமிடம் நின்று போங்கள். குளிராக இருப்பதால் தாகம் தெரியாது, ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றராவது குடிக்க வேண்டும். வெள்ளம் ஏறி வடிந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

தாண்டியடிக்குத் தெற்கே யானை. பெரும்போக வெள்ளாமை குடலையாகிக் கதிர் தள்ளி விளைகிற காலம் இது, வட்டையை (வயல்வெளியை) தேடி அவை காட்டுக்கரைக்கு வரும். இரவெல்லாம் பரணில் காவல் இருந்து வெடி போட்டுக் கலைப்பார்கள். கலைபட்ட யானை விடியற்காலையில் வீதியைக் கடந்துதான் காட்டுக்குத் திரும்பும், அப்போது அதற்குக் கோபமும் இருக்கும். ஆகவே இந்தப் பகுதியில் ‘விடியமுன் புறப்பட்டால் தூரம் போகலாம்’ என்ற ஆடிப் பழக்கம் ஆபத்தானது. ஏழரைக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் கூரைக்குள் இருங்கள். காதில் பாட்டுக் கேட்கிற வயர் வேண்டாம். வீதியில் ஆவி பறக்கிற பச்சை இலத்தி கிடந்தாலோ, கிளை முறிகிற சத்தம் கேட்டாலோ நின்று, வந்த வழியே பின்வாங்கி, அடுத்த வாகனம் வரும் வரை காத்திருந்து அதில் ஏறிக் கடவுங்கள். படம் எடுக்கக் கிட்டப் போனவர்கள் திரும்பாத கதைகள் இந்தக் கரையில் உண்டு. வயலோரக் கம்பியையும் தொட வேண்டாம், வீட்டு மின்சாரத்தைச் சட்டவிரோதமாகக் கொடுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஈர நிலத்தில் அது கொல்லும்.

பாணமையிலிருந்து உகந்தை சுமார் பதினாறு கிலோமீற்றர். ஊர் முடிந்ததும் வீடோ கடையோ இல்லை, கிரவல் மழையில் களியாகிக் காலோடு ஒட்டும், நல்ல வீதியில் மூன்றரை மணி நேரம் பிடிக்கிற தூரத்துக்கு இங்கே ஐந்து மணி நேரம் போகும். தொலைபேசித் தொடர்பும் அறுந்து அறுந்துதான் வரும். முந்தின நாள் பின்னேரமே பாணமையில் வழி தெரிந்த ஒருவரைப் பேசிக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது பின்னால் மெதுவாக வருகிற மாதிரி ஒரு ஓட்டோவை அமர்த்துங்கள். மூன்று பேராகப் பிரித்தால் பெரிய செலவில்லை, யாத்திரை முழுவதிலும் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பணத்தைப் பொத்துவிலிலேயே எடுத்துவிடுங்கள்.

நோயைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவுகிற காலம் இது. காலில் புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் நடக்கப் போகிறீர்கள் என்பதால், புறப்பட ஒரு வாரம் முன்னே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், விவசாயிகளுக்குத் தருகிற தடுப்பு மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் நடந்த கதையை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். இரண்டாவது பாம்பு. நிலத்தில் படுக்கிறவரைக் கட்டுவிரியன் தூக்கத்திலேயே கடிக்கும், கடித்த இடம் வீங்காது, வலியும் தெரியாது. இரவில் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்து இமை சொருகினால் விடியும் வரை பார்த்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். நுளம்பு வலையைச் சீற்றுக்கு அடியில் சுற்றிவரச் செருகிப் படுப்பது நுளம்புக்கு மட்டுமில்லை, இதற்கும்தான். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆதார வைத்தியசாலைகள் வழியிலேயே இருக்கின்றன. பொத்துவிலுக்குத் தெற்கே அந்த அளவு வசதி இல்லை.

உகந்தையில் தையில் கடைத்தெரு இருக்காது. பூசைச் சாமானை, கற்பூரம் முதல் தேங்காய் வரை, பொத்துவிலில் வாங்கி வாருங்கள். அன்று இரவுக்கும் மறுநாள் காலைக்கும் அவல், சர்க்கரை, கச்சான், பழம் இருந்தால் போதும். முருகன் சந்நிதியில் கும்பிட்டு வள்ளியம்மனுக்கு மலை ஏறும்போது பாறை பாசி பிடித்து வழுக்கும், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து வெறுங்காலோடு ஏறுங்கள். சுனைகள் நிரம்பி நிற்கும், அள்ளித் தெளித்துக்கொள்ளலாம், இறங்க வேண்டாம். ஆடியில் தீர்த்தமாடுகிற கடலில் இப்போது கால் நனைப்பதோடு சரி. களப்பிலும் குளங்களிலும் முதலை இருப்பதால் அங்கே குளிக்கவே கூடாது, கோயில் கிணற்றில் குளியுங்கள். திரும்புவதற்கான ஓட்டோவைப் பாணமையில் அமர்த்தும்போதே ‘மறுநாள் காலை ஒன்பது மணி’ என்று நேரம் குறித்து, பாதிக் காசை மட்டும் கொடுத்து வையுங்கள். பாணமையிலிருந்து பொத்துவிலுக்கு பஸ் குறைவு, மத்தியானத்துக்கு முன் பொத்துவிலைப் பிடித்தால் அன்றே அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு வந்துவிடலாம்.